சங்குக் காசு தேடிப் போகிறவர்களுக்கு: நாணயக் கண்காட்சி முழுமையான வழிகாட்டி

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தன, செங்கோட்டையும் அப்படித்தான். அதனால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றைக்கும் சங்கு பொறித்த செப்புக் காசு ஒன்றிரண்டாவது கிடக்கும். பணத்தையே ‘சக்கரம்’ என்று சொல்லும் பெரியவர்களும் இங்கே உண்டு. இந்த ஊர்க்காரர் நாணயக் கண்காட்சிக்குப் போனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி அவருக்கு இருக்கிறது: திருவிதாங்கூர்க் காசு அவர் சின்ன வயதிலிருந்தே கையில் புரட்டிப் பார்த்த பொருள். அந்த வசதியைக் கொண்டே அங்கே வாங்கப் பழக வேண்டும். மொகலாயர், குஷாணர் என்று எல்லா மேசையிலும் கை வைத்தால் பணம்தான் கரையும்.

முதல் முறையோ இரண்டாம் முறையோ போகிற சேகரிப்பாளரை மனதில் வைத்து எழுதியது இது. திருவனந்தபுரம், மதுரை, கோவை, சென்னை என்று கண்காட்சி எங்கே நடந்தாலும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

எந்த நாள் போவது

பெரும்பாலும் ஏதாவது ஒரு நாணயவியல் சங்கம்தான் நடத்தும். இடம் கல்யாண மண்டபமோ ஹோட்டல் ஹாலோ; வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். நுழைவு இலவசமாக இருக்கும், அல்லது சின்னக் கட்டணம்.

வெள்ளிக்கிழமை காலையில் டீலர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொண்டிருப்பார்கள். நல்ல சரக்கு பொதுமக்கள் பார்ப்பதற்கு முன்பே இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போய்விடும், விலையும் ஏறிவிடும். குறிப்பிட்ட ஒரு காசைத் தேடுகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை கதவு திறக்கும்போதே நில்லுங்கள். சனிக்கிழமை கூட்டம்; பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், மேசை முன் பத்து நிமிஷம் நிம்மதியாக உட்கார முடியாது. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் டீலர் மூட்டை கட்டும் யோசனையில் இருப்பார், திருப்பித் தூக்கிப் போவதை விட விற்றுவிடலாம் என்ற மனநிலை வரும். சாதாரணச் சரக்கை மொத்தமாக வாங்க அந்த நேரம் நல்லது. அரிய சரக்கு அதுவரை காத்திருக்காது.

முடிந்தால் இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் பார்க்க, இரண்டாம் நாள் வாங்க. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள்தான். காலை ரயிலில் போய் இரவு திரும்பிவிடலாம் என்பதால் இது பெரிய செலவில்லை.

போவதற்கு முன் பட்டியல்

பட்டியல் இல்லாமல் போவது, சந்தைக்குப் பசியோடு போவது மாதிரி. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன காசு, எந்த நிலையில் வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம். பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

திருவிதாங்கூர் எடுத்தால் கணக்கு வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய் (திருவிதாங்கூர் அரசின் கணக்கு ரூபாய்). கால் ரூபாய் 7 சக்கரம், அரை ரூபாய் 14 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். இதைத் தெரிந்துகொண்டால் செப்பில் 1 காசு, 4 காசு, 8 காசு, ஒரு சக்கரம்; வெள்ளியில் பணம், கால் ரூபாய், அரை ரூபாய் என்று தொகுப்பு தானாக உருவாகிவிடும். தொடங்குகிறவருக்கு இந்த ஏழும் போதும். செப்பு நான்கும் மலிவு, எளிதில் கிடைக்கும்.

காசில் உள்ள ஆண்டு, மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் தேதியை ஒட்டி அது பிறக்கிறது. கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரைக்கும், 825 கூட்டினால் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரைக்கும் ஆங்கில ஆண்டு வரும். 1116 என்று இருந்தால் 1940-41, சித்திரைத் திருநாள் காலம். இதைத் தெரியாதவர்தான் ‘ஆயிரத்து நூற்றுப் பதினாறாம் வருஷத்துக் காசு, ராஜராஜன் பேரன் காலம்’ என்று யாரோ சொன்னதை நம்பிப் பணம் கொடுப்பார். செப்புக் காசுகள் பலவற்றில் ஆண்டே இருக்காது. அதில் மன்னர் பெயரின் எழுத்துச் சின்னத்தைக் கொண்டுதான் காலம் சொல்ல முடியும். மூலம் திருநாள் 1885 முதல் 1924 வரை, சித்திரைத் திருநாள் 1931-இல் தொடங்கி 1949 வரை, நடுவில் சேது லட்சுமி பாயின் ஆட்சிப் பொறுப்பு.

அதிகபட்ச விலையை எங்கிருந்து எடுப்பது? இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையிலிருந்து எடுக்காதீர்கள். கேட்பதற்குக் காசா பணமா? யார் வேண்டுமானாலும் லட்சம் கேட்கலாம். ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலங்களின் முடிவு விலையை வெளியிடுகின்றன. அதே காசு, அதே நிலையில், கடைசியாக நடந்த மூன்று நான்கு ஏலங்களில் எவ்வளவுக்குப் போனது என்று பார்த்து நடு விலையை எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக் காசுக்கு இன்னொரு கணக்கும் வேண்டும்: உருக்கு மதிப்பு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம். 1939 வரைக்கும் அதில் வெள்ளி 91.7 சதவீதம், ஆக 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940-இலிருந்து 50 சதவீதம்தான், 5.83 கிராம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். அரை ரூபாய், கால் ரூபாய் எடை அந்தந்த விகிதத்தில் குறையும். அன்றைய வெள்ளி விலை கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 1919 ரூபாய் ஒன்றின் அடி விலை 1,069. டீலர் அதற்கும் கீழே தருகிறேன் என்றால் சந்தோஷப்படாதீர்கள், தராசை எடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். 30 மடங்கு, 60 மடங்கு என்று விற்கும் மலிவு லென்ஸ்களில் பார்வைப் பரப்பு சின்னது, வெளிச்சம் குறைவு, ஓரம் வளையும். காசின் முகத்தை மொத்தமாகப் பார்க்க முடியாது.

0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு. கூடவே அதைச் சரிபார்க்க ஒரு எடைக்கல். ஹால் ஏசி காற்றும் மின்விசிறியும் தராசை ஆட்டும், அதனால் மூடியோடு கூடியதை வாங்குங்கள். பழைய வெள்ளிச் சக்கரம், தங்கப் பணம் இவையெல்லாம் 0.4 கிராமுக்கும் குறைவு. அவற்றைத் தேடுகிறீர்கள் என்றால் மூன்று தசமம் காட்டும் தராசு தேவை.

அளவு பார்க்க பிளாஸ்டிக் வெர்னியர். இரும்பு வெர்னியரைக் காசின் மேல் வைத்தால் கோடு விழும், டீலர் முகமும் மாறும். சின்ன டார்ச், ஒரு காந்தம், காசு போட்டு வைக்கும் காலி ஹோல்டர் இருபது, நோட்டுப் புத்தகம், பேனா.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மலிவுக் காசு. வீட்டில் கிடந்த தேய்ந்த 8 காசு, சாதாரண ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், எதுவானாலும். சந்தேகம் வரும்போது இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் புரியாத வித்தியாசம் கண்ணில் படும். எடுத்துப் போகும்போதே டீலரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள், ‘இது என்னோடது’ என்று. பிறகு வம்பு வராது.

பணத்தை 500, 200, 100 என்று கலந்து வையுங்கள், இரண்டு இடத்தில் பிரித்து. ஜிபே எல்லோரும் வாங்குவார்கள். ஆனால் முந்நூறு பேர் கூடிய ஹாலில் சிக்னல் கிடைக்காது. தேர்தல் அறிவிப்பு வந்த மாதமாக இருந்தால் கவனம்: 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாத ரொக்கத்தைப் பறக்கும் படை பிடித்து வைக்கும், களியக்காவிளை போன்ற எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி நிச்சயம் நிற்கும். வங்கியில் எடுத்த ரசீதையும், விற்க எடுத்துப் போகும் காசின் பட்டியலையும் பையில் வைத்திருங்கள்.

முதல் சுற்றில் பர்ஸ் திறக்காதீர்கள்

ஹாலுக்குள் போனதும் கதவுப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. எல்லா மேசையையும் நின்று நின்று ஒரு சுற்று பாருங்கள். பட்டியலில் உள்ளது எங்கே இருக்கிறது, என்ன விலை, மேசை எண் என்ன, மூன்றையும் எழுதுங்கள். ஒரே 1114 சக்கரம் மூன்று மேசையில் மூன்று விலையில் இருக்கும். நிலையும் மூன்று விதமாக இருக்கும். மலிவானது எப்போதும் லாபம் இல்லை.

மேசைகளில் மூன்று தரம் உண்டு. கண்ணாடித் தட்டில், சான்றிதழ் டப்பாவில் (அசல் என்று சோதித்து மூடிக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா) அடைத்து வைத்தவர்கள் விலையுயர்ந்த சரக்குக்காரர்கள். ஆல்பம் ஆல்பமாக அடுக்கியவர்கள் குடியரசுக் காசு, நோட்டு, ஃபேன்ஸி நம்பர் விற்பவர்கள். மூன்றாவது, பெரிய டப்பாவில் கலவையாகக் கொட்டி ‘எதை எடுத்தாலும் இவ்வளவு’ என்று வைத்திருப்பவர். சேகரிப்பாளர் பழக வேண்டிய இடம் இந்த டப்பாதான். தேய்ந்த சோழர் செப்புக் காசு, ஆற்காட்டு நவாப் காசு, டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. எழுத்துக் கோர்த்த துட்டு, 1803, 1808 தேதியிட்ட சென்னை மாகாணத்துப் பத்துக் காசு, இருபது காசு எல்லாம் அதில் கலந்து கிடக்கும். டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியில் இருந்தவர்கள். அவர்கள் துட்டைக் கேரளப் பக்கத்து டப்பாக்களில் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கொச்சி ராஜ்யத்தின் வெள்ளிப் புத்தன் மட்டும் டப்பாவில் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

டப்பாவைக் கிளறுவதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. எடுத்ததை இடது பக்கம் தனியாக வையுங்கள், பார்த்து முடித்ததை உடனே போட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் காசுக்கு விலை கேட்காதீர்கள். அவர் கீழே வைக்கும்வரை அது அவருடையது.

காசைக் கையில் எடுப்பது

கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. விளிம்பைப் பிடியுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. வியர்வை உப்பு செப்பில் ரேகையாகவே பதிந்துவிடும், மாதம் கழித்துத்தான் தெரியும். காசு எப்போதும் மேசையின் துணி மேலேயே இருக்கட்டும், மடியில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஹோல்டரிலிருந்து வெளியே எடுக்க வேண்டுமென்றால் டீலரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்டேப்ளர் கம்பி கீறியது யார் கையால் என்ற சண்டை நமக்கு எதற்கு.

சத்தம் பார்க்கிறேன் என்று மேசையில் போட்டு ஒலிக்க விடும் பழக்கம் நகைக்கடையில் எப்படியோ, இங்கே வேண்டாம். விரல் நுனியில் காசை நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினாலே வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஈயக் கலப்பு ‘தப்’ என்று நிற்கும். அதையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அசலா, போலியா

போலியில் பல ஜாதி. எது எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் ஜாதி, எந்தக் காலத்திலும் இல்லாத காசு. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1616 அல்லது 1818; மறு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், அனுமன், ஓம். இப்படி ஒரு நாணயத்தைக் கம்பெனி அடித்ததே இல்லை. கோயில் வாசலில் விற்ற பித்தளை வில்லைகள் இவை. இரும்பை இழுக்கும், அரிசியை இழுக்கும் என்று கோடிக்கணக்கில் கதை கட்டும் ‘ரைஸ் புல்லிங்’ மோசடி இதன் மேல்தான் ஓடுகிறது. கண்காட்சிக்குள் யாராவது காதோரம் வந்து இதைப் பேசினால் காவல் நிலைய விவகாரம் என்று விலகிவிடுங்கள். கம்பெனி இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் அடித்தது 1835-இல், நான்காம் வில்லியம் தலையோடு. அதற்கு முன் மாகாணத்துக்கு ஒரு வகை.

இரண்டாவது, வார்ப்புப் போலி. அசல் காசிலிருந்து அச்செடுத்து உலோகத்தை ஊற்றியது. லென்ஸில் பார்த்தால் தரைப்பகுதியில் ஊசி முனைக் குழிகளும் கொப்புளமும் தெரியும். எழுத்தின் ஓரம் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி வழவழவென்று இருக்கும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு, அல்லது அந்தக் கோட்டை ராவி எடுத்த தடம். அசல் ரூபாயின் விளிம்புப் பற்கள் ஒரே சீராக இருக்கும்.

மூன்றாவது, ஜெர்மன் சில்வர் ரூபாய். ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அடர்த்தி 8.5-ஐ ஒட்டி இருக்கும், அசல் வெள்ளிக் கலவைக்கு 10.3. அதனால் ஒரே குறுக்களவும் தடிமனும் இருந்தால் போலி ரூபாய் எடையில் குறையும். எடையைச் சரிக்கட்டினால் தடிமன் கூடும். எடையையும் தடிமனையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் தேய்ந்த அசல் காசும் எடை குறையும். நன்றாகத் தேய்ந்த ரூபாய் 11.4 காட்டினால் பயப்பட வேண்டாம். முகம் கூர்மையாக இருந்து 10.5 காட்டினால் கீழே வையுங்கள்.

நான்காவது, திருத்திய காசு. உடம்பு அசல், எண் மட்டும் பொய். 1939 ரூபாய் அரியது என்று எல்லோருக்கும் தெரிந்ததால் 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவார்கள். காசு வெள்ளிதான், எடையும் சரி, சத்தமும் சரி. கடைசி எண்ணை மட்டும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள்: அதன் சுற்றுப்புறத்தில் நிறம் மாறியிருக்கிறதா, எண்ணின் உயரம் மற்ற மூன்றுக்கும் சமமா, அடியில் இணைப்புக் கோடு உண்டா. மேசையில் 1939 ரூபாய் கண்டால் சான்றிதழ் டப்பாவில் இல்லாதவரை போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1881 தேதியிட்ட திருவிதாங்கூர்த் தங்கச் சவரனுக்கும் இதே விதி.

1911-இன் ‘பன்றி ரூபாய்’ அப்படி இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, 1912 முதல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இது பேர் பெற்ற அளவுக்கு எட்டாத விலை கிடையாது. நல்ல முதல் வெள்ளி ரூபாயாக வாங்கலாம்.

திருவிதாங்கூரில் கவனம் வேண்டியது குட்டிக் காசுகளில்தான். வெள்ளிச் சக்கரம் உருண்டு திரண்ட சின்னத் துணுக்கு. கையால் எண்ண முடியாமல் குழி குழியாக வெட்டிய சக்கரப் பலகையில் கொட்டி எண்ணியது. சின்னதாக இருப்பதாலேயே வெள்ளித் துணுக்கில் நாலு புள்ளி குத்தி விற்பது எளிது. ‘அனந்தராயன்’, ‘வீரராயன்’ என்று விற்கும் தங்கப் பணங்களிலும் முலாம் பூசியவை உண்டு. உங்களிடம் ஒப்பிட அசல் இல்லை என்றால், பில் கொடுத்து ‘அசல் இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதித் தரும் டீலரிடம் மட்டும் வாங்குங்கள். செப்புக் காசில் போலிப் பயம் குறைவு. மலிவுப் பொருளுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

கழுவிய காசு

போலியை விட அதிகம் ஏமாற்றுவது இது. புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பவுடர், ஏதாவது ஒன்றைப் போட்டுத் தேய்த்துப் பளபளக்கும் காசைப் பார்த்தால் புதியவர்களுக்குக் கண் கூசும். செப்பில் அந்த ஆரஞ்சு நிறம் இயற்கை இல்லை. பழைய செப்பு பழுப்பாகவோ சாக்லேட் நிறமாகவோ இருக்க வேண்டும். டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காசை மெதுவாகச் சுழற்றுங்கள். அசல் பளபளப்பு காசோடு சேர்ந்து சக்கரம் போலச் சுற்றும். தேய்த்த பளபளப்பு ஒரே இடத்தில் நிற்கும், மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். கழுவிய காசுக்குப் பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பதை நீங்களும் கழுவாதீர்கள்.

நோட்டும் அஞ்சலும், சுருக்கமாக

நோட்டில் மடிப்பை மறைக்கத் தண்ணீரில் நனைத்து அயர்ன் போடுவார்கள். சாய்த்துப் பிடித்தால் பழைய மடிப்பின் நிழல் தெரியும். காகிதம் தளர்ந்திருக்கும், மை மேடு தட்டையாகியிருக்கும். ஓரம் வெட்டிச் சீர் செய்த நோட்டில் நான்கு பக்க வெள்ளை விளிம்பும் சமமாக இருக்காது. ஃபேன்ஸி நம்பர் வாங்கினால் இரண்டு இடத்திலும் எண் ஒன்றா என்று பாருங்கள். 786, வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்கு லட்சம் என்ற பேச்சையெல்லாம் மண்டப வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வருஷத் தொகுப்பு சேர்ப்பவர் ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைப் பார்க்க வேண்டும்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா.

திருவிதாங்கூர் அஞ்சல் தனி உலகம். 1888-இல் சங்கு பொறித்த அஞ்சல்தலை வந்தது, 1951-இல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலோடு இணைந்தது. பழைய கடித உறை கிடைத்தால் முழுசாக வாங்குங்கள், தலையை வெட்டி எடுக்க வேண்டாம்; ஊர் முத்திரைதான் விலை. ‘ஆன் எஸ் எஸ்’ என்ற அரசுப் பணி மேலச்சு போலியாகவும் அடிக்கப்படுகிறது. பழக்கமில்லாமல் அதில் காசு போடாதீர்கள்.

விலை பேசுவது

ஒட்டியிருக்கும் விலை தொடக்க விலை. ஆனால் பாதிக்குக் கேட்டால் பேச்சே முடிந்துவிடும். பத்திலிருந்து இருபது சதவீதம் குறைத்துக் கேட்பது வழக்கம். மூன்று நான்கு காசைச் சேர்த்து எடுத்தால் இன்னும் இறங்கும். நாகர்கோவில், திருநெல்வேலிக்காரர் என்றால், ‘அண்ணாச்சி, இந்த நாலுக்கும் சேர்த்து முடிவா ஒரு விலை சொல்லுங்க’ என்பது போதும். திருவனந்தபுரத்தில் ‘சேட்டா, லாஸ்ட் எத்ரயா?’ என்று கேளுங்கள். உடைந்த மலையாளமாக இருந்தாலும் சரி, அவரே தமிழுக்கு மாறிவிடுவார்.

காசைக் குறை சொல்லி விலை குறைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ‘தேய்ஞ்சு போச்சே, கறுப்பா இருக்கே’ என்றால் ‘அப்ப எதுக்கு வாங்குறீங்க?’ என்றுதான் கேட்பார், நியாயம்தான். கையில் இருக்கும் தொகையைச் சொல்லுங்கள். ஒத்துவரவில்லை என்றால் நன்றி சொல்லி நகருங்கள். ஞாயிறு மாலை மறுபடி போகலாம். விலை ஒத்துக்கொண்ட பிறகு பின்வாங்குவது இந்த வட்டாரத்தில் சீக்கிரம் பரவும் பெயர்.

பில் கேட்டு வாங்குங்கள். ‘பழைய காசு 3’ என்று எழுதினால் போதாது. எந்தக் காசு, ஆண்டு, எடை வேண்டும்.

விற்கவோ மாற்றவோ எடுத்துப் போனால்

டீலர் மறுபடி விற்றுப் பிழைக்க வேண்டியவர். நீங்கள் ஏலத்தில் பார்த்த விலையை அவர் தரமாட்டார். சாதாரணச் சரக்குக்கு அதில் பாதி கிடைத்தாலே சரி. மூன்று மேசையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பணமாக வாங்குவதை விட அவர் மேசையில் உள்ளதோடு மாற்றிக்கொண்டால் கூடுதல் மதிப்புப் போடுவார். இரட்டையாக உள்ளதைச் சக சேகரிப்பாளரோடு மாற்றுவது எல்லாவற்றையும் விட நல்லது. அதற்குச் சங்கங்களின் மாதக் கூட்டம் கண்காட்சியை விடத் தோதான இடம்.

ஏலம்

சில கண்காட்சிகளில் ஏலமும் நடக்கும். ஏலப் பொருளை முன்கூட்டியே பார்க்க நேரம் ஒதுக்குவார்கள். பார்க்காத லாட்டுக்குக் கை தூக்காதீர்கள். சுத்தியல் விலை முடிவு விலை அல்ல. கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் 10,000-க்கு எடுத்தது 11,500 ஆகும், அதன் மேல் வரி. விதிமுறைத் தாளில் கமிஷனும் வரியும் எவ்வளவு என்று படித்து, உங்கள் உச்ச வரம்பிலிருந்து அதைக் கழித்து, அந்த எண்ணை உள்ளங்கையிலாவது எழுதிக்கொண்டு உட்காருங்கள். எதிரில் ஒருவர் விடாமல் ஏற்றுகிறார் என்றால் அவருக்கு ஏதோ தெரியும் என்று நினைக்காதீர்கள். அவருக்கும் வீம்பாக இருக்கலாம்.

சட்டம் எங்கே கடிக்கும்

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சானுக்குப் பழங்காசைப் பரிசாகக் கொடுத்துவிடும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் வாழைக்குக் குழி தோண்டும்போது கிடைத்த குடம் அப்படியே உங்களுடையது ஆகிவிடாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கென்று 1968-இல் தனிச் சட்டம் இருக்கிறது. ‘நிலத்துல கிடைச்சது, மண்ணோட இருக்கு’ என்று யாராவது ஹாலுக்கு வெளியே பொட்டலம் காட்டினால், பாதி நேரம் அது போலி, மீதி நேரம் வழக்கு.

2016-இல் செல்லாததான 500, 1000 நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வு, நாணயவியல் நோக்கத்துக்கு 25 வரை விலக்கு உண்டு. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது வரை அபராதம். பண்டல் பண்டலாக மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள்.

ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசை வாங்க ‘பதிவுக் கட்டணம்’ கேட்பதும் மோசடி. அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று வங்கியே 2021-இல் அறிவித்திருக்கிறது.

வீடு வந்ததும்

அன்று இரவே ஒவ்வொரு காசையும் எடை போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து, விலை, தேதி, வாங்கிய மேசை எல்லாம் நோட்டில் ஏற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எது எங்கே வாங்கியது என்று நினைவிருக்காது. சந்தேகம் இருந்தால் நிதானமாக நீர்ச் சோதனை செய்யலாம்: தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய ரூபாயை அடியில் படாமல் முக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. 1939 வரைக்குமான 11.66 கிராம் ரூபாய்க்கு 1.13-ஐ ஒட்டி வந்தால் சரி, 1.35 பக்கம் வந்தால் அடுத்த நாள் கண்காட்சி முடிவதற்குள் பில்லோடு திரும்பிப் போங்கள். சோதனை முடிந்ததும் துடைக்காமல் துணியில் ஒற்றி எடுங்கள்.

டீலர் போட்டுக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் உறையில் அப்படியே விடாதீர்கள். பிவிசி கலந்த உறை மெதுவாகக் கசிந்து செப்பின் மேல் பச்சைப் பிசினாக ஒட்டும், வெள்ளியையும் கெடுக்கும். முகர்ந்தால் புது மழைக்கோட்டு வாசம் வரும். மைலார் என்ற பிவிசி இல்லாத பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டருக்கு மாற்றுங்கள். ஸ்டேப்ளர் கம்பியைத் தட்டையாக நசுக்கிவிட்டால் பக்கத்துக் காசைக் கீறாது. மர அலமாரி வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி செப்பைக் கறுக்க வைக்கும். குமரிப் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஜூனில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை மாற்றுங்கள்.